தலைகீழ் மைசெல் வழியில் பாலிமர் நானோதுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தைச் சிறுகச் சிறுக வெளியிடும் பாலிமர் நானோதுகள்களைத் தலைகீழ் மைசெல்லுக்குள் தயாரிக்கும் முறை பற்றி, வேதியியலிலும் மருந்தியலிலும் முதுநிலைப் படிப்பையோ ஆய்வையோ தொடங்கியிருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் கைட்டோசான் என்ற பாலிமரையும் ஏ.ஓ.டி. என்ற பரப்புச் செயலியையும் (சோப்பு போன்ற பொருள்) எடுத்துக்கொண்டுள்ளேன். கணக்குகள் எல்லாம் ஒரு தாளில் நீங்களே போட்டுச் சரிபார்க்கக் கூடியவை. தயவுசெய்து போட்டுப் பாருங்கள்.

1. தலைகீழ் மைசெல் என்பது என்ன?

சோப்பு மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உண்டு. நீரில் அவை திரளும்போது வால்கள் உள்ளே ஒடுங்கித் தலைகள் வெளியே நிற்கும். பள்ளிப் பாடத்தில் படித்த மைசெல் அதுதான். ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பொருத்தமான பரப்புச் செயலியைக் கரைத்து, கொஞ்சம் நீரையும் சேர்த்தால், சட்டையைத் திருப்பிப் போட்டதுபோல் தலைகள் உட்புறமும் வால்கள் வெளிப்புறமும் அமைந்து, நடுவே சில நானோமீட்டர் அளவுள்ள நீர்த்துளி சிறைப்படும். துளி அவ்வளவு சிறியது என்பதால் ஒளியைச் சிதறடிப்பது மிகக் குறைவு. நீரும் எண்ணெயும் கலந்திருந்தும் குடுவையில் இருப்பது கண்ணாடிபோல் தெளிவாகத் தெரியும். எண்ணெயில் நீர் இப்படித் தெளிவாகப் பரவியிருக்கும் கலவைகளை 1943இல் ஹோர், ஷுல்மன் ஆகிய இருவரும் நேச்சர் இதழில் விவரித்தார்கள். நுண்பால்மம் என்ற பெயர் பின்னர் 1959இல் ஷுல்மன் குழுவினரால் வந்தது. ஆய்வகப் பேச்சில் நாம் 'ரிவர்ஸ் மைசெல்' என்றே சொல்கிறோம்.

2. எல்லோரும் ஏ.ஓ.டி.யையே பயன்படுத்துவது ஏன்?

ஏ.ஓ.டி. என்பது சோடியம் டைஆக்டைல் சல்போசக்சினேட். மருந்துக் கடையில் மலமிளக்கியாக விற்கப்படும் டாக்குசேட் சோடியம் இதே பொருள்தான். இதற்கு ஒரு தலை, கிளைத்த இரண்டு வால்கள். தலை குறுகி வால்பக்கம் அகன்ற ஆப்புபோன்ற வடிவம் என்பதால், நீரைச் சுற்றி வளைந்து நிற்பது இதற்கு இயல்பாக வருகிறது. வேறு பல செயலிகளுக்குப் பெண்டனால், ஹெக்சனால் போன்ற துணைச் செயலி தேவைப்படும், ஏ.ஓ.டி.க்குத் தேவையில்லை. ஒரு பொருள் குறைந்தால் பின்னால் நீக்க வேண்டியதும் ஒன்று குறைகிறது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது, இது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மெழுகு போன்ற பொருள் என்பது. கடலோர ஊர்களில் மூடியைத் திறந்துவைத்து நிதானமாக எடை போட்டால், நீங்கள் சேர்க்காத நீரும் கணக்கில் சேர்ந்துவிடும். வெற்றிடத்தில் உலர்த்தி, உலர்த்தியில் ஆறவைத்து, பிறகு எடை போடுங்கள்.

3. நீர்த்துளியின் அளவை எப்படித் தீர்மானிப்பது?

நீரின் மோல் எண்ணிக்கையை ஏ.ஓ.டி.யின் மோல் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது நீர் விகிதம். ஐசோ ஆக்டேனில் துளியின் ஆரம், நானோமீட்டரில், ஏறத்தாழ இந்த விகிதத்தின் 0.15 மடங்கு. விகிதம் 10 என்றால் ஆரம் 1.5 நானோமீட்டர், 20 என்றால் 3 நானோமீட்டர். இரண்டாவது துளியைச் சற்றுக் கூர்ந்து பார்ப்போம். அதன் கன அளவு 113 கன நானோமீட்டர். ஒரு நீர் மூலக்கூறுக்கு 0.03 கன நானோமீட்டர் இடம் என்றால் உள்ளே சுமார் 3,770 நீர் மூலக்கூறுகள் இருக்கும். அவற்றைச் சுற்றி 190 ஏ.ஓ.டி. மூலக்கூறுகள் நிற்கும்.

விகிதம் மிகவும் குறைவாக இருக்கும்போது உள்ளே இருப்பதில் பெரும்பகுதி, தலைகளோடும் சோடியம் அயனிகளோடும் பிணைந்து கிடக்கும் நீர். அது குழாய் நீரைப்போல் நடந்துகொள்ளாது. உப்பைக் கூட்டினால் கலவை தாங்கும் நீரின் அளவு குறையும். எனவே பஃபரை (பி.எச். மாறாமல் காக்கும் உப்புக்கரைசல்) நீர்த்த நிலையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

4. துளியின் விட்டம் 6 நானோமீட்டர் என்கிறீர்கள். கிடைக்கும் துகள் 100 நானோமீட்டராக இருக்கிறதே, எப்படி?

துளியை இட்லித் தட்டின் குழியாகவும் துகளை அதில் வெந்த இட்லியாகவும் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். அந்தக் கற்பனையை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது.

ஒரு லட்சம் மூலக்கூறு எடை கொண்ட கைட்டோசான் சங்கிலி ஒன்றின் நிறை சுமார் 1.66 × 10⁻¹⁹ கிராம். மேலே சொன்ன துளியிலுள்ள நீர் முழுவதன் நிறையும் 1.13 × 10⁻¹⁹ கிராம்தான். அதாவது, துளிக்குள் அடைக்க நினைக்கும் ஒரே ஒரு சங்கிலி, அந்தத் துளியின் நீரைவிடக் கனமானது! அது உள்ளே நுழைய வேண்டுமானால் பல துளிகள் ஒன்றுசேர்ந்து அதைச் சூழ வேண்டும், அல்லது சங்கிலி இருக்கும் துளி மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக வேண்டும். பாலிமர் சேர்த்த கணத்திலேயே மூன்றாம் கேள்வியின் சூத்திரம் வெறும் நீருக்கான வழிகாட்டியாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது காரணம், துளிகள் ஓயாமல் மோதிக்கொண்டிருப்பது. பெரும்பாலான மோதல்களில் அவை விலகிச் சென்றுவிடும். ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் மோதல்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் இரண்டு துளிகள் கணநேரம் ஒட்டி, உள்ளிருப்பதைப் பரிமாறிக்கொண்டு பிரிகின்றன. கேட்பதற்கு அரிதாகத் தோன்றினாலும், மோதல்களின் எண்ணிக்கை அவ்வளவு அதிகம் என்பதால் இந்தப் பரிமாற்றம் மில்லி விநாடிக்குள் நடந்துவிடும். ஒரு துளியில் தொடங்கிய பிணைப்பு, பக்கத்துத் துளிகளிலிருந்து வந்துசேரும் பாலிமரையும் பிணைப்பானையும் (சங்கிலிகளை ஒன்றோடொன்று தைத்து வலையாக்கும் பொருள்) உண்டு வளரும். இறுதியில் இருக்கும் துகள்கள் தொடக்கத்தில் இருந்த துளிகளைவிட எண்ணிக்கையில் மிகக் குறைவு, அளவில் பெரியவை. மீதித் துளிகள் வெறும் நீர்த்துளிகளாகவே நிற்கும். மூன்றாவது காரணம் எளியது: ஹெக்சேனிலிருந்து நீருக்கு மாற்றியதும் பாலிமர் வலை நீரைக் குடித்து உப்பிவிடும்.

அப்படியானால் நீர் விகிதத்தால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. அது துகளின் அளவை அச்சுப்போல் நிர்ணயிக்காது. மேலேயோ கீழேயோ நகர்த்த உதவும். பாலிமரின் சங்கிலி நீளம், செறிவு, பிணைப்பானின் அளவு ஆகியவற்றுக்கும் அதே அளவு செல்வாக்கு உண்டு.

5. ஒரு மாதிரித் தயாரிப்பை அளவுகளுடன் சொல்ல முடியுமா?

40 மில்லி லிட்டர் ஹெக்சேனில் 0.1 மோலார் செறிவு வரும்படி 1.78 கிராம் ஏ.ஓ.டி.யைக் கரைத்துக்கொள்ளுங்கள். நீர் விகிதம் 20 வர வேண்டுமானால் மொத்தம் 1.44 மில்லி லிட்டர் நீர்க்கரைசல் சேரலாம். கைட்டோசான் நடுநிலை நீரில் கரையாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் 1 சதவீதக் கரைசலாகச் செய்து, இழைகளும் கரையாத துணுக்குகளும் போக வடிகட்டி, மருந்தையும் அதிலேயே கலந்து, காந்தக் கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒவ்வொரு சொட்டும் விழுந்ததும் ஒரு வெண்மேகம் எழும்பிக் கரையும். அது கரையும்வரை அடுத்த சொட்டுக்குக் காத்திருங்கள். முழுவதும் சேர்ந்த பிறகு கலவை தெளிவாக இருக்க வேண்டும்.

அடுத்து மிகச் சிறிதளவு அம்மோனியாவும், பிணைப்பானாக நீர்த்த குளூட்டரால்டிஹைடும். அமிலத்தில் கைட்டோசானின் அமைன் தொகுதிகள் புரோட்டான் ஏற்று நேர்மின் சுமையுடன் இருக்கும். அந்த நிலையில் அவை ஆல்டிஹைடுடன் வினைபுரியா. அம்மோனியா அவற்றை விடுவிக்கிறது. பிறகு மூடியிட்டு இரவு முழுவதும் கலக்கவிட்டால், காலையில் லேசான மஞ்சளும், பக்கவாட்டு ஒளியில் இலேசான நீலமும் தெரியும். ஆல்டிஹைடும் அமைனும் சேர்ந்து இமைன் பிணைப்பு உண்டானதால் வருவது மஞ்சள். துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது நீலம். வண்ணமுள்ள மருந்தானால் இந்த அடையாளங்கள் மறைந்துவிடும்; ஆகவே முதல் முறை மருந்தில்லாமல் செய்து கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

6. ஆயத்தப் பாலிமருக்குப் பதிலாக மோனோமரிலிருந்து தொடங்கலாமா?

தொடங்கலாம். சொல்லப்போனால் இந்தத் துறையின் மூத்த வழி அதுதான். 1982இல் லியோங்கும் காண்டோவும் அக்ரிலமைடை ஏ.ஓ.டி. நுண்பால்மத்துக்குள் பாலிமராக்கிக் காட்டினார்கள். மோனோமர் சிறிய மூலக்கூறு. துளிக்குள் சிரமமின்றி நுழையும். எனவே நாலாம் கேள்வியின் நெருக்கடி இங்கே குறைவு, துகளும் பெரும்பாலும் சிறியதாகவே அமையும். நீரில் கரைந்த மோனோமரையும், மெத்திலீன் பிஸ் அக்ரிலமைடு போன்ற பிணைப்பானையும் துளிகளில் ஏற்றி, நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி ஆக்சிஜனை விரட்டிய பின் வினையைத் தூண்டும் அம்மோனியம் பெர்சல்பேட்டையும், அதை விரைவாக்கும் டெமெடையும் சேர்த்தால் வினை தொடங்கும். ஆக்சிஜன் மிச்சமிருந்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. முதல் முயற்சியில் தோற்பவர்களில் பாதிப்பேர் தோற்பது இங்கேதான் என்பது என் அனுபவம்.

குறையும் உண்டு. வினையில் உண்டாகும் தனி உறுப்புகள் அருகிலுள்ள மருந்தையும் தாக்கும். அக்ரிலமைடு மோனோமர் நரம்புக்கு நஞ்சு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. பாலிமரில் மிஞ்சும் மோனோமரை அளந்து காட்டாமல் உயிரணுச் சோதனைக்குப் போகக் கூடாது.

7. நான் சேர்த்த மருந்தில் எவ்வளவு துகளுக்குள் நிற்கும்?

நினைப்பதைவிடக் குறைவாகத்தான். நீர்க்கரைசலில் மருந்து மில்லி லிட்டருக்கு 10 மில்லி கிராம், அதன் மூலக்கூறு எடை 500 என்று வைத்துக்கொண்டால், 6 நானோமீட்டர் துளி ஒன்றுக்குச் சராசரியாக 1.4 மூலக்கூறுகள்தான் வருகின்றன. பாலிமர் இல்லாத துளிகளில் இருக்கும் மருந்தெல்லாம் துகளுக்கு வெளியே நிற்கும் மருந்து. கழுவும்போது அது போய்விடும்.

இதைவிடச் சூட்சுமமான இழப்பு ஒன்று உண்டு. ஏ.ஓ.டி.யின் தலை எதிர்மின் சுமை கொண்டது. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைப் போன்ற நேர்மின் சுமையுள்ள மருந்து அதனுடன் இணைசேர்ந்து எண்ணெயில் கரையும் பொருளாக மாறிவிடும்; பிறகு ஏ.ஓ.டி.யை நீக்கும்போது மருந்தும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். மேலும் டாக்ஸோரூபிசினில் அமைன் தொகுதி இருப்பதால் குளூட்டரால்டிஹைடு அதையும் பாலிமருடன் தைத்துவிட வாய்ப்புண்டு. 'உள்ளே நிற்கிறது' என்று நீங்கள் மகிழும் மருந்து, ஒருபோதும் வெளிவராத மருந்தாகவும் இருக்கலாம்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் மைத்ராவின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. அவர்கள் டாக்ஸோரூபிசினை முதலில் டெக்ஸ்ட்ரான் என்ற நீரில் கரையும் சர்க்கரைப் பாலிமருடன் வேதிப்பிணைப்பால் இணைத்து, அந்த இணைப்பையே கைட்டோசான் துகளுக்குள் வைத்தார்கள். பெரிய, நீரை நாடும் மூலக்கூறாக மாறிய மருந்துக்கு எண்ணெய்ப் பக்கம் ஓடவும் வழியில்லை, வலையின் கண்ணி வழியே எளிதில் நழுவவும் வழியில்லை. கிடைத்த துகள்களின் விட்டம் 100 நானோமீட்டர், பத்துக் கூடக்குறைய.

8. ஏ.ஓ.டி.யை எப்படி நீக்குவது?

மாதிரித் தயாரிப்பின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். பாலிமர் 14 மில்லி கிராம், ஏ.ஓ.டி. 1,780 மில்லி கிராம். பாலிமரைப்போல் 120 மடங்குக்கும் மேலான சோப்பு அந்தக் குடுவையில் இருக்கிறது. இந்த முறையில் நானோதுகள் செய்வது ஒரு நாள் வேலை. சோப்பிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது ஒரு வார வேலை.

ஹெக்சேனைச் சுழல் ஆவியாக்கியில் குறைந்த அழுத்தத்தில் மெதுவாக நீக்க வேண்டும். அவசரப்பட்டு வெற்றிடத்தைத் திறந்தால் நுரை பொங்கிக் குடுவையைத் தாண்டிவிடும். எஞ்சும் பிசுபிசுப்பான பொருளைப் பஃபரில் பரப்பி, கால்சியம் குளோரைடு கரைசலைச் சொட்டாக விட்டால், ஏ.ஓ.டி. தன் கால்சியம் உப்பாக வெண்ணிறத்தில் வீழ்படிவாகும். 4 மில்லி மோல் ஏ.ஓ.டி.க்கு 2 மில்லி மோல், அதாவது 0.22 கிராம், கால்சியம் குளோரைடு கணக்குப்படி போதும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே விடுவார்கள். மையவிலக்கியில் சுற்றினால் வீழ்படிவு அடியில் இறங்கும், துகள்கள் மேல்நீரில் நிற்கும். வீழ்படிவோடு சில துகள்களும் சிக்கியிருக்கும். கால்சியம் உப்பு ஹெக்சேனில் கரையும் என்பதால் வீழ்படிவை ஹெக்சேனில் கரைத்து மீண்டும் சுற்றினால் சிக்கிய துகள்களை மீட்கலாம். பிறகு டயாலிசிஸ், அதாவது நுண்துளைச் சவ்வுப் பையில் இட்டு, சிறு மூலக்கூறுகளை வெளியிலுள்ள நீருக்குள் போகவிடுவது.

நேர்மின் சுமையுள்ள கைட்டோசானில் எதிர்மின் சுமையுள்ள ஏ.ஓ.டி. ஒட்டிக்கொள்ளும் என்பதால் இவ்வளவு செய்தும் முழுதும் போய்விட்டது என்று நம்பிவிட முடியாது. மெத்திலீன் நீலச் சோதனையைச் செய்துபாருங்கள்: மெத்திலீன் நீலம் தானாகக் குளோரோஃபார்முக்குள் அதிகம் போகாது, ஏ.ஓ.டி. இருந்தால் அதனுடன் இணைசேர்ந்து அடியிலுள்ள குளோரோஃபார்ம் அடுக்கை நீலமாக்கும். அந்த நிறத்தை ஒளிமானியில் அளந்தால் எஞ்சிய ஏ.ஓ.டி.யின் அளவு தெரியும். ஆய்வேடுகளில் துகளின் அளவுக்கு மூன்று படங்கள் போடுபவர்கள் இந்த ஓர் எண்ணைப் போடாமல் விடுவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. ஏ.ஓ.டி. வாய்வழி மருந்தாக ஏற்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் இரத்தத்தில் அது சிவப்பணுக்களின் சவ்வைக் கரைக்கும். உயிரணுச் சோதனையில் அணுக்கள் செத்தால், கொன்றது மருந்தா சோப்பா என்ற கேள்விக்கு விடை வேண்டாமா?

9. துகள் மருந்தை மெதுவாக வெளியிடுவது எதனால்? சிறியதாக இருப்பதாலா?

நேர்மாறானது. சிறியதாக இருப்பது மெதுவான வெளியீட்டுக்கு எதிரி.

ஒரு மூலக்கூறு துகளின் மையத்திலிருந்து விளிம்புக்கு விரவிச் செல்ல ஆகும் நேரம், ஏறத்தாழ ஆரத்தின் வர்க்கத்தை விரவல் கெழுவால் வகுத்தால் வருவது. நீரில் உப்பிய ஒரு பாலிமர் வலையில் சிறிய மருந்து மூலக்கூறின் விரவல் கெழுவை விநாடிக்கு 10⁻¹⁰ சதுர மீட்டர் என்று கொள்வோம். 100 நானோமீட்டர் விட்டமுள்ள துகளின் ஆரம் 50 நானோமீட்டர். கணக்கு தரும் விடை, விநாடியின் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதே வலையை 100 மைக்ரோமீட்டர் உருண்டையாகச் செய்திருந்தால்கூட 25 விநாடிதான். மருந்தை ஒரு நாள் முழுவதும் பிடித்துவைக்க வேண்டுமானால், நானோதுகளுக்குள் அதன் நகர்வு சுமார் 350 கோடி மடங்கு மெதுவாக வேண்டும். வலையைக் கொஞ்சம் இறுக்கிப் பின்னுவதால் மட்டும் அது நடக்காது.

எனவே நீர் உப்பிய நானோதுகளிலிருந்து உண்மையாகவே மெதுவான வெளியீடு கிடைக்கிறது என்றால், விரவலைத் தவிர வேறொன்று மருந்தைப் பிடித்திருக்க வேண்டும். டெக்ஸ்ட்ரான் எடுத்துக்காட்டில் கண்டதுபோல், கண்ணியைவிடப் பெரிய மூலக்கூறாக மருந்து இருக்கலாம்; புரதம், டி.என்.ஏ. போன்றவை இயல்பிலேயே அப்படிப்பட்டவை. எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு பிடித்திருக்கலாம். ஆனால் உடலின் உப்புச் செறிவில் அந்தப் பிடி தளரும் என்பதை மறக்கக் கூடாது. வேதிப்பிணைப்பு பிடித்திருக்கலாம். நான் நம்பிக்கையோடு பரிந்துரைப்பது இந்தக் கடைசி வகையைத்தான், ஏனென்றால் எங்கே அறுபட வேண்டும் என்பதையும் பிணைப்பிலேயே எழுதிவைக்கலாம். ஹைட்ரசோன் பிணைப்பு, பி.எச். மதிப்பு 5 அளவுக்கு இறங்கும் லைசோசோமில் (உயிரணுவின் செரிமானப் பை) அறுபடும். டைசல்பைடு பிணைப்பு, குளூட்டத்தயோன் என்ற சிறு மூலக்கூறு நிறைந்த இடத்தில் அறுபடும். உயிரணுவுக்குள் அதன் செறிவு மில்லி மோலார் அளவு, வெளியே இரத்தத்தில் மைக்ரோ மோலார் அளவு. டைசல்பைடு கொண்ட பிணைப்பானால் வலையைப் பின்னினால், வெளியே கட்டுக்கோப்பாக நிற்கும் துகள் உள்ளே போனதும் அவிழும்.

1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லுப்ரான் டிப்போ ஊசி ஒரு மாதம் மருந்தை வெளியிடுகிறதே என்று சிலர் கேட்பார்கள். அது நீரை எளிதில் உள்ளே விடாத பி.எல்.ஜி.ஏ. பாலிமரால் ஆன மைக்ரோகோளம். பாலிமர் சிதையச் சிதைய மருந்து வெளிவருகிறது. நாம் இங்கே பேசும் நீர் உப்பிய வலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

10. ஆனால் என் டயாலிசிஸ் பைச் சோதனையில் வெளியீடு 24 மணி நேரம் நீடித்ததே?

பையில் துகள் இல்லாமல் வெறும் மருந்துக் கரைசலை மட்டும் போட்டு, அதே அளவு, அதே வேகக் கலக்கல், அதே வெப்பநிலையில் ஒருமுறை அளந்தீர்களா? வெறும் மருந்தே பையின் சவ்வைத் தாண்டிச் சமநிலைக்கு வரப் பல மணி நேரம் எடுக்கும். துகள் விநாடிக்குள் மருந்தைக் கக்கியிருந்தாலும், வெளியே எடுக்கும் மாதிரியில் நீங்கள் காண்பது சவ்வின் வேகத்தைத்தான். என் தொடக்க கால ஆய்வில், அழகாக வளைந்து உயர்ந்த ஒரு வெளியீட்டு வரைபடத்தைப் பல வாரங்கள் பெருமையுடன் காட்டிக்கொண்டிருந்தேன். கட்டுப்பாட்டுச் சோதனையைச் செய்த அன்று இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன.

இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே துகளின் பங்களிப்பு. அந்த வேறுபாடு தெளிவாக இல்லையென்றால், கட்டுப்படுத்தப்பட்ட வெளியீடு என்ற சொல்லைத் தலைப்பில் போடாதீர்கள்.

11. வெளியீட்டு அளவீடுகளை எந்தச் சமன்பாட்டில் பொருத்துவது?

1961இல் வந்த ஹிகுச்சியின் வர்க்கமூலச் சமன்பாடும், கார்ஸ்மேயர், பெப்பாஸ் ஆகியோரின் அடுக்குச் சமன்பாடும் பரவலாகப் பயன்படுகின்றன. இரண்டாவதை வெளியீட்டின் முதல் 60 சதவீதத்துக்கு மட்டுமே பொருத்த வேண்டும். கோள வடிவத் துகளில் விரவலைக் குறிக்கும் அடுக்கு 0.43, தட்டைப் படலத்துக்கு உரிய 0.5 அன்று. பத்தாம் கேள்வியின் சோதனை செய்யப்படாத அளவீடுகளில் எந்தச் சமன்பாடு பொருந்தினாலும் அதற்குப் பொருளில்லை.

12. துகளின் அளவை ஒவ்வொரு கருவியும் வேறு வேறாகக் காட்டுகிறதே?

காட்டத்தான் செய்யும். ஒளிச்சிதறல் கருவி நீரில் உப்பிய துகளை அளக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வெற்றிடத்தில் காய்ந்து சுருங்கிய துகளைப் பார்க்கிறது. இரண்டையும் குறிப்பிடுங்கள், எது எதில் அளந்தது என்பதையும் எழுதுங்கள். ஒளிச்சிதறலில் இன்னொரு பொறி இருக்கிறது: ஏ.ஓ.டி. நீரில் தானே திரள்களை உண்டாக்கும். பாலிமர் சேர்க்காத ஒரு வெற்றுத் தயாரிப்பைக் கழுவல் உட்பட எல்லாப் படிகளிலும் கொண்டுசென்று அளந்து பாருங்கள். அதிலும் அதே அளவில் ஒரு முகடு தெரிந்தால், நீங்கள் நானோதுகள் என்று நினைத்தது சோப்பாக இருக்கலாம்.

13. ஹெக்சேனால் ஆபத்து உண்டா?

உண்டு. அதன் தீப்பற்று வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் தாழ்வானது. அறையில் எப்போதும் தீப்பிடிக்கத் தயாராக இருக்கும் ஆவி என்று பொருள். புகை உறிஞ்சும் பெட்டிக்குள்ளேயே வேலை செய்யுங்கள். உடலில் அது 2,5-ஹெக்சேன்டையோனாக மாறிக் கை கால் நரம்புகளைப் பழுதாக்கும். மருந்துப் பொருளில் எஞ்சக்கூடிய ஹெக்சேனுக்குப் மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அமைப்பான ஐ.சி.எச். வழிகாட்டுதல் வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 290 பங்கு. ஹெப்டேனுக்கு அதே வழிகாட்டுதல் 5,000 பங்குவரை இடம் தருகிறது; அதிலும் ஏ.ஓ.டி. நன்றாகத் தலைகீழ் மைசெல் அமைக்கும். கொதிநிலை கூடுதல் என்பதால் ஆவியாக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் ஹெப்டேனிலேயே தொடங்குவது நல்லது.

14. இந்த முறையில் பெரிய அளவில் தயாரிக்க முடியுமா?

ஒரு கிராம் துகளுக்கு, நம் மாதிரிக் கணக்குப்படி, ஏறத்தாழ 2.8 லிட்டர் கரைப்பானும் 124 கிராம் ஏ.ஓ.டி.யும் வேண்டும். பாலிமர் கரைசலைச் செறிவாக்கி இந்த எண்களைக் குறைக்கலாம், ஆனால் செறிவு கூடினால் துகள் பெருக்கும், ஒட்டும். ஆய்வகத்தில் கொள்கையை நிறுவவும், மிக விலையுயர்ந்த மருந்தைச் சிறிதளவு பொதியவும் ஏற்ற முறை என்றுதான் நான் இதை மதிப்பிடுகிறேன். மீயொலியால் உடைத்துச் செய்யும் தலைகீழ் மினிபால்மத்தில் செயலி மிகக் குறைவாகப் போதும். அளவு பெருகும்போது பலர் அந்தப் பக்கம் நகர்வது இதனால்தான்.

15. இந்தியாவில் விற்பனைக்கு வந்த நானோக்ஸல் இந்த முறையில் செய்ததா?

இல்லை. இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. டாபர் ஃபார்மா 2007இல் அறிமுகப்படுத்திய நானோக்ஸல், பாக்ளிடாக்ஸல் என்ற நீரில் கரையாத புற்றுநோய் மருந்தைப் பாலிமர் மைசெல்லுக்குள் வைத்தது. அது நீரில் நேராக அமையும் மைசெல். உள்ளே எண்ணெய்த் தன்மை, வெளியே நீர்த் தன்மை. தலைகீழ் மைசெல் பயன்படுவது இதற்கு நேரெதிரான சூழலில், நீரில் கரையும் மருந்தை நீரை நாடும் பாலிமருக்குள் வைப்பதற்கு. பாக்ளிடாக்ஸலைத் தலைகீழ் மைசெல்லில் விட்டால் அது நீர்த்துளியை நாடாமல் வெளியிலேயே நின்றுவிடும்.

16. கைட்டோசானுக்கு இதைவிட எளிய வழி இல்லையா?

இருக்கிறது. கைட்டோசான் கரைசலில் சோடியம் டிரைபாலிபாஸ்பேட்டைச் சொட்டாக விட்டாலே அயனி ஈர்ப்பால் நானோதுகள் உருவாகும். 1997இல் ஸ்பெயினிலிருந்து வெளியான இந்த முறைக்குக் கரிமக் கரைப்பானும் வேண்டாம், குளூட்டரால்டிஹைடும் வேண்டாம், ஏ.ஓ.டி.யை நீக்கும் ஒரு வார வேலையும் வேண்டாம். உங்கள் தேவை வெறும் கைட்டோசான் துகள் என்றால் அதையே செய்யுங்கள். துகள் 100 நானோமீட்டருக்குள் நெருக்கமான அளவுகளில் இருக்க வேண்டும், உப்புச் செறிவோ பி.எச். மாற்றமோ கலைக்க முடியாத வேதிப்பிணைப்பு வலை வேண்டும், உள்ளே வைப்பது பெரிய நீர்விரும்பி மூலக்கூறு என்ற மூன்று தேவைகளும் ஒன்றாக வரும்போது தலைகீழ் மைசெல்லுக்கு வாருங்கள்.

17. நீர்க்கரைசலைச் சேர்த்ததும் கலவை பால்போல் வெளுத்துவிட்டது. இனி என்ன செய்வது?

அரை மணி நேரம் கலக்கிப் பாருங்கள், தெளிந்தால் தொடரலாம். தெளியவில்லையென்றால் நீர் அதிகமாகிவிட்டது, அல்லது பஃபரில் உப்பு கூடிவிட்டது, அல்லது பாலிமர் துளிகளுக்குள் அடங்காமல் வெளியே வீழ்படிவாகிறது. குறைந்த அளவு கலவையைத் தனியே எடுத்து அதில் ஏ.ஓ.டி.யைக் கொஞ்சம் கூட்டுங்கள். அது தெளிந்தால் நீர் விகிதம்தான் காரணம். மீதிக் கலவையையும் அதேபோல் காப்பாற்றலாம். தெளியாவிட்டால் பாலிமர்தான் காரணம். அடுத்த முறை குறுகிய சங்கிலியுள்ள கைட்டோசானை எடுத்துப் பாதிச் செறிவில் தொடங்குங்கள். எதுவானாலும், வெளுத்த கலவையில் பிணைப்பானை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அந்த நிலையில் கிடைப்பது குடுவையின் சுவரில் ஒட்டிக்கொண்டு சுரண்டினாலும் வராத ஒரு மஞ்சள் ஜெல்.